ஐடிபிஏ, ஐபிஎஸ்சி துப்பாக்கிப் போட்டிகள்: புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

ஐடிபிஏ (சர்வதேசத் தற்காப்புக் கைத்துப்பாக்கிச் சங்கம்), ஐபிஎஸ்சி (சர்வதேச நடைமுறைத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பு) ஆகியவற்றின், தற்காப்புத் திறனை அடிப்படையாகக் கொண்ட கைத்துப்பாக்கிப் போட்டிகளுக்கு வர நினைப்பவர்களும், இரண்டு மூன்று போட்டி சுட்டுவிட்டுக் குழம்பி நிற்பவர்களும் கேட்பது பெரும்பாலும் ஒரே சந்தேகங்களைத்தான். கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைத் தொகுத்திருக்கிறோம். விதிப்புத்தகங்கள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. போட்டிக்குப் போகுமுன் நடப்புப் பதிப்பை ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

ஒலிம்பிக்ல ஒத்தக் கையை நீட்டிச் சுடுறாங்களே, அந்த மாதிரிதானா இதுவும்?

இல்லை. ஒலிம்பிக் பிஸ்டல் போட்டியில் சுடுபவர் ஓரிடத்தில் நின்று, ஒரே கையால், தெரிந்த தூரத்தில் உள்ள இலக்கைச் சுடுகிறார். இங்கே துப்பாக்கி இடுப்பு உறையில் இருக்கும். மணி ஒலித்ததும் உருவ வேண்டும், நகர வேண்டும், தடுப்புக்குப் பின்னாலிருந்து சுட வேண்டும், நடுவில் மேகசினை (தோட்டாக் கூட்டை) மாற்ற வேண்டும். இரண்டு கையாலும் பிடிக்கலாம். சில இடங்களில் ஒரு கையால் மட்டும் சுடச் சொல்வார்கள். ஒவ்வொரு சுற்றையும் ‘ஸ்டேஜ்’ என்பார்கள். ஒரு ஸ்டேஜ் அடுத்ததைப் போல இருக்காது.

ஐபிஎஸ்சி, ஐடிபிஏ ரெண்டும் ஒண்ணா? எதுல சேர்றது?

வேர் ஒன்று, கிளை இரண்டு. ஐபிஎஸ்சி 1976-ல் அமெரிக்காவின் மிசோரி மாநிலம் கொலம்பியாவில் நடந்த கூட்டத்தில் பிறந்தது. ஜெஃப் கூப்பர் அதன் முதல் தலைவர். காலப்போக்கில் அந்த விளையாட்டு வேகத்தை நோக்கியும், பந்தயத்துக்கென்றே செய்த துப்பாக்கிகளை நோக்கியும் நகர்ந்தது. அன்றாடம் இடுப்பில் வைக்கும் துப்பாக்கிக்கும் உறைக்கும் இதில் இடமில்லாமல் போகிறதே என்று நினைத்த பில் வில்சன், கென் ஹக்கத்தார்ன் உள்ளிட்ட சிலர் 1996-ல் ஐடிபிஏவைத் தொடங்கினார்கள்.

ஐபிஎஸ்சியில் ஒரு நீண்ட ஸ்டேஜுக்கு 32 தோட்டா வரை போகும். எந்த இலக்கை எங்கிருந்து சுடுவது என்பதைப் பெரும்பாலும் நீங்களே முடிவு செய்யலாம். ஐடிபிஏவில் உச்சவரம்பு 18. துப்பாக்கியை உடைக்குள் மறைத்து வைத்துத் தொடங்க வேண்டும், தடுப்பைப் பயன்படுத்த வேண்டும், இலக்குகளைச் சுடும் வரிசைக்கும் விதி உண்டு. ஓடியாடித் திட்டம் போடுவது பிடித்தால் முன்னது, ஒழுங்குக்குள் நின்று சுடுவது பிடித்தால் பின்னது. உங்கள் பக்கத்தில் எது நடக்கிறதோ அதில் தொடங்குங்கள். கைப்பழக்கத்தில் பெரும்பகுதி இரண்டுக்கும் பொது.

மதிப்பெண் எப்படிப் போடுறாங்க? எனக்கு அது மட்டும் புரியவே மாட்டேங்குது.

ஐடிபிஏவில் மதிப்பெண் என்பதே நேரம்தான். குறைந்த நேரம் எடுத்தவர் வென்றவர். டைமர் உங்கள் கடைசி வெடிச் சத்தம் வரை பதிவு செய்கிறது. அதோடு, குண்டு நடுவிலிருந்து எவ்வளவு விலகியதோ அதற்கான விநாடிகளைக் கூட்டுகிறார்கள். அட்டை இலக்கின் மார்பில் 8 அங்குல வட்டம், தலையில் 4 அங்குல வட்டம்: இவற்றுக்குள் பட்டால் கூட்டல் இல்லை. அடுத்த மண்டலத்துக்கு 1 புள்ளி, அதற்கும் வெளியே 3 புள்ளி, இலக்கிலேயே படாவிட்டால் 5 புள்ளி. ஒரு புள்ளிக்கு ஒரு விநாடி. குண்டுத் துளை கோட்டைத் தொட்டால் உங்களுக்குச் சாதகமான மண்டலமே கணக்கில் வரும்.

நடைமுறைத் தவறு, அதாவது ஸ்டேஜ் விதியைப் பின்பற்றாத தவறு, ஒன்றுக்கு 3 விநாடி. சுடக் கூடாத இலக்கில், அதாவது அப்பாவி வேடத்தில் நிற்கும் அட்டையில் பட்டால் 5 விநாடி. விளையாட்டு உணர்வுக்கு மாறாக வேண்டுமென்றே விதியை மீறினால் 20 விநாடி. இந்தக் கடைசித் தண்டனை அபூர்வம். வாங்கினால் அந்தப் போட்டியை மறந்துவிட வேண்டியதுதான்.

அப்ப வேகமாச் சுடணுமா, நின்னு குறி பார்த்துச் சுடணுமா?

கணக்கே பதில் சொல்லும். ஆறு இலக்கு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு, மொத்தம் 12 குண்டு என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 14.20 விநாடியில் முடிக்கிறார். 8 குண்டு நடுவில், 3 குண்டு 1 புள்ளி மண்டலத்தில், 1 குண்டு 3 புள்ளி மண்டலத்தில். ஆறு புள்ளி கூடி 20.20. இரண்டாமவர் 17.00 எடுக்கிறார், ஒரே ஒரு குண்டு 1 புள்ளி மண்டலத்தில். மொத்தம் 18.00. மெதுவாகச் சுட்டவர் 2.20 விநாடி வித்தியாசத்தில் ஜெயிக்கிறார்.

2017-க்கு முன்பு ஒரு புள்ளிக்கு அரை விநாடிதான். அந்தக் கணக்கில் முதலாமவருக்கு 17.20, இரண்டாமவருக்கு 17.50, வெற்றி முதலாமவருக்குப் போயிருக்கும். சுட்டது அதேதான், விலைதான் மாறியது. பழைய காணொளிகளையும் பழைய அறிவுரைகளையும் பார்த்துவிட்டு ‘வேகம்தான் எல்லாம்’ என்று வருபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

நிதானத்துக்கும் எல்லை உண்டு. குண்டுக்கு 0.2 விநாடி கூடுதலாக எடுத்தால் 12 குண்டுக்கு 2.4 விநாடி. அதனால் மூன்று புள்ளியாவது மிச்சப்படாவிட்டால் அந்த நிதானம் நட்டம். 5 கெஜத்தில் நிற்கும் அட்டைக்கு இவ்வளவு நேரம் தேவையில்லை. 15 கெஜத்தில் பாதி மறைந்து நிற்கும் அட்டைக்கு இதைவிட அதிகமே தேவைப்படும்.

ஐபிஎஸ்சியில ‘ஹிட் ஃபேக்டர்’னு ஏதோ சொல்றாங்களே?

புள்ளியை நேரத்தால் வகுத்தால் கிடைப்பது ஹிட் ஃபேக்டர். அட்டையின் நடுவில் உள்ள ஏ மண்டலத்துக்கு 5 புள்ளி; மைனர் வகையில் (ஆற்றல் குறைந்த தோட்டா, விவரம் கீழே) சி மண்டலத்துக்கு 3, டி மண்டலத்துக்கு 1. தவறிய குண்டுக்கும், சுடக் கூடாத இலக்கில் பட்ட குண்டுக்கும் 10 புள்ளி கழியும்.

மேலே பார்த்த இருவரையே இங்கே கொண்டுவருவோம். இரண்டு அட்டைகளின் மண்டலங்களும் அச்சாகப் பொருந்தாது, கணக்குக்காக மட்டும். முதலாமவர் 8 ஏ, 3 சி, 1 டி: 50 புள்ளி, 14.20-ஆல் வகுத்தால் 3.52. இரண்டாமவர் 11 ஏ, 1 சி: 58 புள்ளி, 17.00-ஆல் வகுத்தால் 3.41. ஐடிபிஏவில் தோற்றவர் இங்கே ஜெயிக்கிறார். ஒரு விளையாட்டிலிருந்து மற்றதற்குப் போகிறவர்கள் முதல் சில போட்டிகளில் தடுமாறுவது பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்று. ஐபிஎஸ்சியில் ஒரு விநாடியின் விலை ஸ்டேஜுக்கு ஸ்டேஜ் மாறும். ஹிட் ஃபேக்டர் 3.5 வரும் ஸ்டேஜில் ஏ தவறி சி ஆனால் இழக்கும் 2 புள்ளி ஏறத்தாழ 0.57 விநாடிக்குச் சமம். 10 வரும் ஸ்டேஜில் அதே 2 புள்ளி வெறும் 0.2 விநாடி. ஆகவே கிட்டத்தில் உள்ள எளிய ஸ்டேஜில் விரட்ட வேண்டும், கடினமான ஸ்டேஜில் ஏ-வைத் தேடி எடுக்க வேண்டும்.

முதல் போட்டிக்கு என்னென்ன வாங்கணும்?

சிக்கலின்றி வேலை செய்யும் ஒரு பிஸ்டல், விசைக்காப்பை (டிரிகரைச் சுற்றியுள்ள வளையத்தை) முழுதாக மூடும் கெட்டியான ஹோல்ஸ்டர் (உறை), வளையாத பெல்ட், மூன்று மேகசின், இரண்டு மேகசின் பை, பாதுகாப்புக் கண்ணாடி, காதுக் கவசம். ஐடிபிஏ என்றால் முன்பக்கம் திறந்த ஒரு மேல் அங்கி. ஐந்தாறு ஸ்டேஜ் உள்ள போட்டிக்கு 150 தோட்டா எடுத்துப் போனால் போதும்.

செலவைப் பெல்ட்டில் செய்யுங்கள். மெல்லிய பெல்ட்டில் ஹோல்ஸ்டர் ஆடும், உருவும்போது உறையும் கூடவே மேலே வரும். டிரிகர் மாற்றுவது, ஒளிப்புள்ளிக் கண்ணாடி (குறி பார்க்க ஒளிப்புள்ளி காட்டும் ‘ரெட் டாட்’) பொருத்துவது எல்லாம் பிறகு. அவை சில சமயம் உங்களை அனுபவசாலிகளோடு வேறு பிரிவில் கொண்டுபோய் நிறுத்திவிடும்.

எந்த ஹோல்ஸ்டர் வேணாலும் போடலாமா?

முடியாது. ஐடிபிஏவில் தோள் உறை, எதிர்ப்பக்கம் உருவும் உறை, முதுகு நடுவில் வைக்கும் உறை, கணுக்கால் உறை எதற்கும் அனுமதி இல்லை. காரணம் எளிது: இவற்றிலிருந்து உருவும்போது குழல் பக்கத்தில் நிற்பவர்களை அல்லது உங்கள் உடம்பையே கடந்து போகும். சுடும் கைப்பக்க இடுப்பில் அணிவதே வழக்கம். துப்பாக்கியைத் திரும்ப வைக்க ஒரு கை போதும்படி வாய் திறந்தே நிற்க வேண்டும். துணி உறைகள் இங்கேதான் தோற்கும்.

மேல் அங்கி போட்டா உருவும்போது சிக்கிக்குது. என்ன பண்றது?

அங்கி காற்றில் பறக்கும் அளவுக்கு லேசாக இருப்பதுதான் பெரும்பாலும் காரணம். சுடும் கைப்பக்கப் பையில் சிறிது எடை வைத்தால் தள்ளியதும் பின்னால் வீசிப் போகும். விரல் நுனிகளை உடம்போடு ஒட்டி வைத்து, அங்கியின் ஓரத்தை இடுப்பெலும்புக்குப் பின்னால் வரை தள்ளுங்கள், அதே கை முன்னே திரும்பி வரும்போது பிடியைப் பற்றட்டும். பாதித் தள்ளலில் பிடியைத் தேடினால்தான் துணி கைக்கும் பிடிக்கும் நடுவில் மாட்டுகிறது.

சுட்டு முடித்துத் துப்பாக்கியை வைக்கும்போது இதே துணி ஆபத்து. ஓரம் உறைக்குள் போய் விசையில் சிக்கலாம். கண்ணால் பார்த்து, அங்கியை முற்றிலும் விலக்கி, மெதுவாக வையுங்கள். வைப்பதற்கு டைமர் ஓடுவதில்லை.

முதல் நாள் போனா என்ன நடக்கும்? கமாண்ட் எல்லாம் இங்கிலீஷ்லயா?

ஆம், உலகெங்கும் அப்படித்தான். திடல் ‘குளிர்ந்த’ நிலையில் இருக்கும்: உங்கள் முறை வரும் வரை துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது, அதைத் தொடவும் கூடாது. சரிபார்க்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒதுக்கிய பாதுகாப்புப் பகுதிக்குப் போங்கள். அங்கே துப்பாக்கியைக் கையாளலாம், தோட்டாவைத் தொடக் கூடாது.

‘லோட் அண்ட் மேக் ரெடி’ என்றால் தோட்டா ஏற்றி உறையில் வைத்துத் தயாராகுங்கள். ‘ஆர் யூ ரெடி?’ என்பதற்கு நீங்கள் பதில் சொல்லாமல் நின்றாலே தயார் என்று அர்த்தம். இல்லையென்றால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ‘ஸ்டாண்ட் பை’ சொன்ன 1 முதல் 4 விநாடிக்குள் மணி ஒலிக்கும். முடித்ததும் ‘அன்லோட் அண்ட் ஷோ கிளியர்’: முதலில் மேகசினை எடுங்கள், பிறகு ஸ்லைடை (துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பாகத்தை) இழுத்து, தோட்டா உட்காரும் அறையைக் காட்டுங்கள். வரிசை மாறினால், இழுத்துவிட்ட ஸ்லைடு மேகசினிலிருந்து இன்னொரு தோட்டாவை அறைக்குள் ஏற்றிவிடும். அடுத்து, துப்பாக்கியை, குண்டைத் தடுக்கும் மண்மேட்டைப் பார்த்துப் பிடித்து விசையை அழுத்தச் சொல்வார்கள்; வரிசை மாறியவருக்கு அங்கே குண்டு வெடிக்கும், போட்டியும் முடியும்.

எதுக்கெல்லாம் வெளியே அனுப்புவாங்க?

துப்பாக்கியைக் கீழே போட்டால், தவறுதலாகக் குண்டு வெடித்தால், குழல் அனுமதித்த கோணத்தைத் தாண்டினால். ஐபிஎஸ்சியில் அது நேர் முன்பக்கத்திலிருந்து இரு பக்கமும் 90 பாகை. ஐடிபிஏவில் திடலில் அடையாளம் வைத்துக் காட்டுவார்கள். ஐபிஎஸ்சியில் நகரும்போதோ மேகசின் மாற்றும்போதோ விரல் விசைக்காப்புக்குள் இருந்தாலும் அன்றைய ஆட்டம் முடிந்தது. விழுந்த துப்பாக்கியை நீங்கள் எடுக்கவே கூடாது, அதிகாரி எடுப்பார். விழும்போது அந்தரத்தில் பிடிக்கப் போவதுதான் எல்லாவற்றிலும் மோசம், விரல் நேராக விசைக்குள் போகும்.

வலக்கைக்காரர்கள் கோணத்தைத் தாண்டுவது பெரும்பாலும் இடப்பக்கம் ஓடிக்கொண்டே மேகசின் மாற்றும்போது. உடம்பு இடப்பக்கம் திரும்பியதும் குழலும் கூடவே திரும்புகிறது. இடுப்புக்குக் கீழே ஓடும் திசைக்கும், தோளும் துப்பாக்கியும் இலக்கின் திசைக்கும் இருக்கட்டும். இடக்கைக்காரர்களுக்கு இதுவே தலைகீழ்.

வெளியேற்றப்பட்டால் வாதாடாதீர்கள், வீட்டுக்கும் ஓடாதீர்கள். நின்று அட்டைகளின் குண்டுத் துளைகளை ஒட்ட உதவுங்கள். அடுத்த முறை எல்லாரும் சாதாரணமாகவே பேசுவார்கள்.

தடுப்புக்குப் பின்னாலதான் நின்னேன், ஆனாலும் 3 விநாடி போட்டுட்டாங்க. ஏன்?

இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கும். ஒன்று, தரையில் போட்ட எல்லைக்கோட்டுக்கு வெளியே கால் பட்டிருக்கும். இரண்டு, இலக்குகளை வரிசை மாற்றிச் சுட்டிருப்பீர்கள். தடுப்பின் ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வெளியே சாயும்போது எந்த இலக்கு முதலில் தெரிகிறதோ அதை முதலில் முடிக்க வேண்டும், பிறகே அடுத்தது. மூன்றையும் ஒரேயடியாக எட்டிப் பார்த்துவிட்டு எளியதிலிருந்து தொடங்கினால் தண்டனை.

தடுப்பை ஒட்டி நிற்காதீர்கள். கையை நீட்டினாலும் குழல் ஓரத்துக்கு வெளியே போகாத அளவுக்குப் பின்னால் நின்றால் பார்வையும் விரியும், நகரவும் எளிது. குறிமுள் (குறி பார்க்க உதவும் முள்) குழலுக்கு மேலே இருப்பதால், சுவரின் மேல்விளிம்புக்கு மேலாகச் சுடும்போது கண்ணுக்கு இலக்கு தெளிவாகத் தெரியும், குண்டு விளிம்பைத் துளைக்கும். ஒளிப்புள்ளிக் கண்ணாடி இன்னும் உயரம், தவறும் இன்னும் அதிகம்.

ரீலோடுல மூணு வகைன்னு சொல்றாங்க. குழப்பமா இருக்கு.

அவசர ரீலோடு: துப்பாக்கி காலியாகி ஸ்லைடு பின்னால் நின்றுவிட்டது. காலி மேகசினைத் தரையில் விட்டுவிடலாம். தந்திர ரீலோடு: இன்னும் தோட்டா உண்டு. புது மேகசினைக் கையில் எடுத்து, பழையதை உருவி, புதியதைப் போட்டு, பழையதைப் பத்திரப்படுத்துகிறீர்கள். தக்கவைக்கும் ரீலோடு: பழையதை உருவி முதலில் பத்திரப்படுத்திவிட்டுப் பிறகு புதியது. ஐடிபிஏவில் தோட்டா மிச்சமுள்ள மேகசினைக் கீழே விட்டாலோ, பத்திரப்படுத்தும் முன் அடுத்த குண்டைச் சுட்டாலோ மேலே சொன்ன 3 விநாடி.

பின்னிரண்டும் மெதுவானவை. அதனால் எந்த இடத்தில் துப்பாக்கி காலியாகும் என்று ஸ்டேஜை நடந்து பார்க்கும்போதே எண்ணிக்கொள்வது நல்லது. மேகசினில் 10, அறையில் 1 என்று தொடங்கினால் 11-வது குண்டோடு ஸ்லைடு நிற்கும். நடுவில் தவறிய ஒன்றுக்காக இன்னொரு குண்டு சுட்டால் அந்த இடம் ஒன்று முன்னால் நகரும், அடுத்த தடுப்பில் எதிர்பாராமல் காலியாகும். முன்பே நினைத்து வைத்திருந்தால் கை பதறாது.

நடுவுல துப்பாக்கி சிக்கிட்டா?

‘கிளிக்’ என்று மட்டும் கேட்டால்: மேகசின் அடியில் ஓங்கித் தட்டி, ஸ்லைடை முழுதாக இழுத்து விட்டு, தொடருங்கள். இரண்டு தோட்டா ஒன்றாக உள்ளே நுழைந்து சிக்கியிருந்தால் தட்டுவது உதவாது. ஸ்லைடைப் பின்னால் பூட்டி, மேகசினை இழுத்து எடுத்து, ஸ்லைடை இரண்டு மூன்று முறை இழுத்துவிட்டு, மறுபடி ஏற்றுங்கள். எந்த நிலையிலும் குழல் திடலின் மண்மேட்டைப் பார்க்கட்டும்.

மந்தமான ‘பொக்’ சத்தமும், கைக்கு உதை இல்லாத உணர்வும் வந்தால் அடுத்த குண்டைச் சுடவே கூடாது. வெடிமருந்து இல்லாத தோட்டாவின் குண்டு குழலுக்குள் நின்றிருக்கலாம். பின்னால் வரும் குண்டு குழலைக் கிழிக்கும். தட்டி இழுக்கும் பழக்கம் ஊறியவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். அதிகாரி ‘ஸ்டாப்’ சொன்னால் நில்லுங்கள். ஐபிஎஸ்சியில் அவர் சந்தேகப்பட்டு நிறுத்தி, குழல் சுத்தமாக இருந்தால் மறுவாய்ப்பு உண்டு.

பவர் ஃபேக்டர்னா என்ன? கடையில வாங்கின தோட்டாவும் தோத்துப் போகுமா?

குண்டின் எடையை கிரெயின் என்ற சிறிய எடை அளவிலும் வேகத்தை விநாடிக்கு அடியிலும் எடுத்துப் பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் வருவது. 124 கிரெயின், 1050 அடி என்றால் 130.2. மைனருக்கு 125 வேண்டும். ஐடிபிஏவின் சிடிபி (கஸ்டம் டிஃபென்சிவ் பிஸ்டல்) பிரிவுக்கு 165. ஐபிஎஸ்சி ஸ்டாண்டர்டு பிரிவில் மேஜருக்கு, அதாவது ஆற்றல் கூடிய தோட்டாவுக்கு, 170. மேஜரில் சி-க்கு 4, டி-க்கு 2 புள்ளி என்பதால் மேலே பார்த்த முதலாமவரின் 50 புள்ளி 54 ஆகும். அதற்கு விலை கூடுதல் உதை.

கடைத் தோட்டாவும் தோற்கலாம். பெட்டியில் போட்ட வேகம் பெரும்பாலும் உங்களுடையதைவிட நீளமான குழலில் அளந்தது. 115 கிரெயின் குண்டு குட்டைக் குழலில் 1080 அடியில் வந்தால் 124.2 தான். ஐபிஎஸ்சியில் 125-க்குக் கீழே போனால் சுடலாம், மதிப்பெண் கிடையாது. உங்கள் துப்பாக்கியிலேயே வேகமானியில் அளந்து, குளிரில் வேகம் குறைவதற்கும் சேர்த்து 130 பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் குண்டு அப்பாவி அட்டையைத் துளைச்சுப் பின்னால இருந்த இலக்குலயும் பட்டுச்சு. அது கணக்கா?

ஐடிபிஏவில் இரண்டும் கணக்கு: பின்னால் பட்டது மதிப்பெண்ணுக்கு, முன்னால் பட்டது 5 விநாடித் தண்டனைக்கு. ஐபிஎஸ்சியில் அட்டையின் மதிப்பெண் பகுதி ஊடுருவ முடியாதது என்று விதி. முழுக் குண்டும் முன் அட்டைக்குள் போயிருந்தால் பின்னால் உள்ள துளை செல்லாது, தண்டனை மட்டும் நிற்கும்.

கிளாஸ் எப்படிக் கொடுக்குறாங்க?

ஐடிபிஏவில் சுடுபவரின் திறனுக்கேற்ப நோவிஸ், மார்க்ஸ்மேன், ஷார்ப்ஷூட்டர், எக்ஸ்பர்ட், மாஸ்டர், டிஸ்டிங்விஷ்டு மாஸ்டர் என்று படிகள். சுருக்கமான தேர்வு ‘ஃபைவ் பை ஃபைவ்’: 10 கெஜத்தில் ஒரே அட்டை, 25 குண்டு. முதலில் உருவி 5. அடுத்து சுடும் கையால் மட்டும் 5. மூன்றாவது, 5 சுட்டு, காலியானதும் மேகசின் மாற்றி மீண்டும் 5. கடைசியில் உடம்புக்கு 4, தலைக்கு 1. பெரும்பாலானவர்கள் நேரத்தை விடுவது இரண்டாவதில், ஒற்றைக்கைப் பயிற்சி யாரும் செய்வதில்லை.

துப்பாக்கியே இல்லாம, இல்ல வீட்டிலேயே, பயிற்சி பண்ண முடியுமா?

ஐபிஎஸ்சியில் ‘ஆக்ஷன் ஏர்’ என்று ஏர்சாஃப்ட் பிரிவே இருக்கிறது. 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு, விதிகள் ஏறத்தாழ அதேதான். உதை மட்டும் இருக்காது. எதை வைத்திருக்கலாம் என்பது அந்தந்த நாட்டுச் சட்டம்.

துப்பாக்கி உள்ளவர்களுக்கு வெற்றுப் பயிற்சி, அதாவது தோட்டா இல்லாமல் உருவி விசையை அழுத்திப் பழகுவது. தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள், சேம்பரை, அதாவது தோட்டா உட்காரும் அறையை, கண்ணாலும் விரலாலும் பாருங்கள், குண்டு போனாலும் தாங்கும் சுவரை நோக்கி நில்லுங்கள். டைமரில் தொடங்க ஒன்று, முடிக்க ஒன்று என இரண்டு மணி வைத்து, உருவி முதல் விசை அழுத்தம் வரை 2.0 விநாடியில் தொடங்குங்கள். அழுத்தும்போது குறிமுள் அசையாமல் பத்துக்கு எட்டு முறை வந்தால் 0.1 குறையுங்கள். பாயிண்ட் 22 போன்ற விளிம்பு வெடிப்புத் துப்பாக்கிகளில் இதைச் செய்யாதீர்கள். பல மாடல்களில் அடியூசி (தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி) தோட்டா அறையின் விளிம்பைக் கெடுக்கும். முடித்தால் முடித்ததுதான்: தோட்டா ஏற்றிய பிறகு ‘இன்னும் ஒரே ஒரு தடவை’ என்று விசையைத் தொட்டவர்கள்தான் சுவரில் ஓட்டை போட்டவர்கள்.

இதுல நல்லா சுட்டா நிஜமா ஆபத்து வரும்போது காப்பாத்திக்கலாமா?

பாதிக்குப் பாதி. பதற்றத்தில் உருவுவது, சிக்கிய துப்பாக்கியைச் சரிசெய்வது, நகரும்போது விரலையும் குழலையும் கட்டுப்படுத்துவது ஆகியவை உண்மையாகவே கைக்கு வரும். ஆனால் இங்கே இலக்கு எங்கே என்று முன்பே நடந்து பார்த்திருக்கிறீர்கள், யாரும் திருப்பிச் சுடுவதில்லை, மணி ஒலித்தாலே சுடலாம் என்று பொருள். சுடலாமா வேண்டாமா என்ற முடிவு, விலகி ஓடும் வழி, பிறகு சட்டத்துக்குச் சொல்ல வேண்டிய பதில் ஆகிய எதையும் டைமர் அளப்பதில்லை. தடுப்பை விட்டு ஒரு அங்குலம் வெளியே நின்று 3 விநாடி வாங்கிய கோபத்தில் ‘நிஜத்தில் இப்படி யார் நிற்பார்கள்’ என்று அதிகாரியிடம் வாதிடுபவர்களுக்கும் இதேதான் பதில்: இது விதியுள்ள விளையாட்டு, அந்த அங்குலம் விதியில் இருக்கிறது.